50 இறாத்தல் என்றால் 50 இறாத்தல்தான்

ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் ஒரு குளத்தில் நடந்த தூண்டில் போட்டியில் நான் இரண்டாம் இடம் வந்தேன். என் ஒரு வலையின் நிறையைக் குறைத்து எழுதியிருந்த முடிவுத்தாளைப் படம் எடுத்து என் மருமகன் பாசத்தில்தான் பகிர்ந்தான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஞாயிறு இரவிலிருந்து அதன் கீழே குவிந்திருக்கும் கருத்துகளைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. "தமிழன் என்பதால் வெட்டிவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். "நம்மவன் முதலிடம் வந்தால் அவர்களுக்குப் பொறுக்காது" என்கிறார் இன்னொருவர். "வழக்குப் போடுங்கள் அண்ணா" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். யார்மீது போடுவது? தராசின்மீதா?

எனக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை. பிடித்த மீன்களைப் போட்டுவைக்கும் ஒரு வலைக்கு 50 இறாத்தல்தான், அதாவது 50 பவுண்டுதான், ஏறத்தாழ 23 கிலோ, என்பது அந்தக் குளத்தின் விதி; அதற்கு மேல் இருப்பது கணக்கில் வராது. என் இரண்டாவது வலை 54 இறாத்தல் 8 அவுன்ஸ் நின்றது (16 அவுன்ஸ் ஒரு இறாத்தல்). 50 என்று எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். படத்தில் தெரிவது முடிவுத்தாள் மட்டும்தான்; அந்த நாள் அதில் இல்லை.

காலை 8 மணிக்குக் குலுக்கல். 24 பேர் வந்திருந்தோம். எனக்கு 17ஆம் இலக்க இடம் விழுந்தது. வலது கையில் நாணல், நேரெதிரே 13 மீற்றரில் சிறிய தீவு. நல்ல இடம். 10 மணிக்கு ஊதல் ஒலித்தது, மாலை 4 மணிக்கு மறுபடி ஒலிக்கும். அந்த ஆறு மணி நேரத்தில் பிடிக்கும் மீன்களை நீருக்குள்ளேயே கிடக்கும் நீண்ட கீப்நெட் வலைகளில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் நிறுத்துவிட்டுக் குளத்திலேயே விடவேண்டும். ஆளுக்கு மூன்று வலை.

முதல் இரண்டு மணி நேரம் தீவோரத்தில் பெல்லட் என்னும் குருணை இரை போட்டு, போல் என்னும் நீண்ட கார்பன் கழியால் பிடித்தேன். மூன்று, நான்கு இறாத்தல் கார்ப் என்னும் கெண்டை மீன்கள்தாம் வந்தன, அதுவும் ஆறுதலாக. ஆனால் நண்பகலிலிருந்தே நாணலுக்கு அருகே, கரையிலிருந்து கையெட்டும் தூரத்தில், ஒரு முழ ஆழத்தில், சோளமும் பெல்லட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே தூண்டில் போடவில்லை. இரையை மட்டும் போட்டேன். இந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. வெயில் சாயத் தொடங்கும்போதுதான் பெரிய மீன்கள் கரையோரம் துணிந்து வரும். இரண்டரை மணிக்கு நாணலடியில் நீர் கலங்கியது. ஒரு வால் நுனி மேலே வந்து போயிற்று. தூண்டிலை அங்கே மாற்றினேன். தக்கை நிமிர்வதற்கு முன்பே அமிழ்ந்தது. போலின் குழலுக்குள் இருக்கும் இரப்பர் இழை தீவு வரைக்கும் இழுபட்டு ஓடியது. அந்த மீன் எட்டு இறாத்தல் இருக்கும். அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

தவறு அங்கேதான் நடந்தது. வலையில் எவ்வளவு நிறை சேர்ந்திருக்கிறது என்று நாமே கணக்கு வைக்கவேண்டும். ஒவ்வொரு மீனையும் கண்ணால் மதித்து, கிளிக்கர் என்னும் சிறிய எண்ணியில் அத்தனை முறை அழுத்துவோம். ஒரு மீனை வலையில் போட்டுவிட்டு அழுத்த மறந்துவிட்டேன். அடுத்த மீன் வந்துவிடும் என்ற பதற்றம். வலையில் 46 இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது வலைக்கு மாறினேன். இருந்தது 54½.

நான் மறந்தேன். வேறு யாரும் மறக்கவில்லை.

முதல் வலை 46 இறாத்தல். மூன்றாவது 31 இறாத்தல் 4 அவுன்ஸ். இரண்டாவதை 50 ஆகக் கொண்டால் மொத்தம் 127 இறாத்தல் 4 அவுன்ஸ். முதலிடம் வந்தவருக்கு 129 இறாத்தல் 10 அவுன்ஸ். ஆம், அந்த நாலரையையும் சேர்த்திருந்தால் நான்தான் முதல். அந்தக் கணக்கை நான் போடவில்லை என்றா நினைக்கிறீர்கள்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். இரவு படுக்கையிலும் போட்டேன்.

4ஆம் இலக்கத்தில் இருந்தவருக்கு ஒரே வலையில் 11 இறாத்தல் போயிற்று. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெரியவர். அதே தராசு, அதே பேனா. அவரை எந்தக் காரணத்துக்காக வெட்டினார்கள்? யாராவது சொல்லுங்கள்.

"நாலரை இறாத்தலில் மீனுக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். அன்று 27 பாகை வெயில். ஒரு வலைக்குள் பத்து, பன்னிரண்டு பெரிய மீன்கள் மணிக்கணக்காக நெருக்கியடித்துக் கிடந்தால் மூச்சுத் திணறும். ஒன்றோடொன்று உரசி உடலைக் காக்கும் வழுவழுப்பு போகும், செதில் பெயரும், துடுப்புக் கிழியும், அந்தக் காயத்தில் நோய் பற்றும். நிறுப்பதற்காக வலையைத் தூக்கும்போது மேலே கிடக்கும் மீன்களின் பாரம் முழுவதும் அடியில் கிடப்பவற்றின்மீது இறங்கும். இதற்காகத்தான் 50. சில குளங்களில் அளவு மீறினால் அந்த வலை முழுவதையும் பூச்சியம் என்று எழுதிவிடுவார்கள். எனக்கு 50ஐயாவது கொடுத்தார்கள். நாலரைக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவர் ஆறுக்குக் கேட்பார், அதற்கடுத்தவர் பத்துக்குக் கேட்பார். 50 என்றால் 50தான்.

"பிடித்ததைத் தின்னவேண்டும், இல்லையென்றால் பிடிக்கவே கூடாது" என்று ஒருவர். இதைப் பத்து ஆண்டுகளாகக் கேட்டுவிட்டேன். மீனுக்கு வலிக்காதா என்று ஒரு தங்கையும் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது வேறு கேள்வி, நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எதிர்முள் இல்லாத தூண்டிலைத்தான் பயன்படுத்துகிறோம், நனைத்த கையால்தான் தொடுகிறோம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும், தங்கச்சி.

"குளத்தில் மீனை வாங்கி விட்டுவைத்துப் பிடிப்பதும் ஒரு விளையாட்டா" என்றவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 1994இல் தொடங்கிய ஃபிஷ் ஓ மேனியா என்னும் தூண்டில் போட்டியின் இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. அலன் ஸ்கொத்தோர்ன் என்பவர் தூண்டில் மீன்பிடியில் ஐந்து முறை தனிநபர் உலக வெற்றியாளர். அவர் இரை போடும் கையை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில், வன்னியில் உள்ள வவுனிக்குளத்தில் மாலை வேளைகளில் தூண்டிலோடு இருப்பார். திலாப்பியா என்னும் ஜப்பான் மீன்தான் அதிகம் படும். உள்ளங்கையைவிடச் சிறியது எது பட்டாலும் முள்ளைக் கழற்றி நீரில் விடுவார். ஒருநாள் அன்றைக்குப் பட்டதே அப்படி நான்குதான். நான்கையும் விட்டார். வீட்டில் அன்று கறி இல்லை. எனக்கு ஒன்பது வயது, பசி. "ஒன்றையாவது வைத்திருக்கலாமே அப்பா" என்றேன். "அளவு அளவுதான்" என்றார். யாரும் எழுதிவைத்த விதி அல்ல, பார்க்கவும் யாரும் இல்லை. நீங்கள் எனக்காக உடைக்கச் சொல்வதும் அப்படி ஒரு அளவைத்தான்.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறார், இத்தனை ஆண்டு இங்கே இருந்தும் இனவாதம் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எழுதியது என்று பெயர் சொல்லமாட்டேன். என் வீட்டில் சாப்பிட்டவர். எனக்கா தெரியாது? 2003இல், இரவு முழுதும் பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் வேறொரு குளத்துக்குப் போனேன். திரும்பும்போது வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் என்னை மறித்தார். அவர் அதிகாரி அல்லர், என்னைப் போலத் தூண்டிலோடு வந்தவர்தான். முதலில் அனுமதிச்சீட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு பையைத் திறக்கச் சொன்னார். மீனைத் திருடிக்கொண்டு போகிறேனாம். திறந்தேன். உள்ளே ஈர ஏந்துவலையும், மனைவி கட்டித் தந்த இடியப்பப் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியையும் திறக்கச் சொன்னார். அதையும் திறந்தேன். பின்னால் நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் நான் தூண்டிலைத் தொடவில்லை. இன்றைக்கும் புதிதாக ஒருவர் வந்தால் "ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அதுதான் இனவாதம். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தீர்களென்றால், அந்த இடியப்பப் பெட்டியைப் பற்றி நான் சொல்லும்போது யார் நம்புவார்கள்? தராசு முள் காட்டியதற்கெல்லாம் அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால், உண்மையிலேயே பையைத் திறக்கச் சொல்லும் நாளில் என்னிடம் எந்தச் சொல் மிச்சம் இருக்கும்?

"அது அவர்களுடைய மீன், அவர்களுடைய குளம், உனக்கு அங்கே என்ன வேலை" என்ற கருத்துத்தான் எல்லாவற்றிலும் என்னைச் சுட்டது. கார்ப் இங்கிலாந்தின் மீனே அல்ல. இடைக்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து மடங்களின் குளங்களில் வளர்த்தார்கள். நம் பக்கமும் அது வந்தது. ஊட்டி ஏரிக்குக் கார்ப் வகையான கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்துதான் போனது. இங்கிலாந்தில் அது போய்ச் சேர்ந்த குளமெல்லாம் அதன் குளமாகிவிட்டது. எனக்கு மட்டும் 17ஆம் இலக்கத்தில் உட்கார உரிமை இல்லையா? நுழைவுப் பணம் கட்டினேன், குலுக்கலில் கைவிட்டு எடுத்தேன், ஆறு மணி நேரம் உழைத்தேன், இரண்டாம் இடம் வந்தேன். இருபத்து நான்கு பேரில் இரண்டாம் இடம். அதற்கு ஒரு வாழ்த்தைக்கூட உங்களில் எத்தனை பேர் எழுதினீர்கள்? எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர்.

தராசில் 54-8 என்று வாசித்தபோது 4ஆம் இலக்கத்துப் பெரியவர் என் தோளில் கைவைத்து, "எனக்கும்தான்" என்றார். முதலிடம் வந்தவர் வண்டி வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிவந்தார். இதை மருமகன் படம் எடுக்கவில்லை.

தம்பி, அந்தப் பகிர்வை இன்றிரவுக்குள் எடுத்துவிடு. அதன் கீழே எழுதியவர்கள் என்மீது வைத்திருக்கும் அன்பை நான் அறிவேன், ஆனால் அந்தக் குளத்துக்காரர்கள் யாராவது மொழிபெயர்த்துப் படித்தால் நான் அப்படிச் சொன்னேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு அதே குளத்தில் அடுத்த குலுக்கல். புதுக் கிளிக்கர் மூன்று வாங்கியிருக்கிறேன், வலைக்கு ஒன்றாக.