மலைக்கு 40 நிமிடம், மூட்டுவலித் தைலத்துக்கு இரண்டேகால் மணி நேரம்

ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்குத்தான் ராத்திரி படுத்தால் அந்த விசில் சத்தம் காதில் கேட்கிறது.

மதுரையிலிருந்து இலங்கைக்கு ஆறு நாள் குழுச் சுற்றுலா. ஆளுக்கு 58,000 ரூபாய். இரண்டு பேருக்கும் சேர்த்து, சீட்டு எடுத்துக் கட்டிய காசு. எத்தனையோ பேர் கூட்டிப் போகிறார்கள், இவர்களிடம் நான் போனதற்கு ஒரே காரணம், நோட்டீஸில் மிகிந்தலை என்று, அனுராதபுரத்துப் பக்கம் இருக்கும் பழைய பௌத்த மலையைப் போட்டிருந்ததுதான்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கீழக்குயில்குடிப் பக்கம். சின்ன வயசில் ஆடு மேய்க்கப் போனால், வெயில் உச்சிக்கு வந்ததும் முத்துப்பட்டிக் குகையில் கற்படுக்கையில் படுத்துத் தூங்குவார்களாம். பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது சமணத் துறவிகளுக்காக 2,000 வருஷத்துக்கு முன்னால் வெட்டியது என்று நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது, "அதான் தலைமாட்டுல மேடு வச்சு வெட்டிருக்கா?" என்று கேட்டவர் அவர்.

மிகிந்தலையிலும் அப்படித்தான். மலையெங்கும் பௌத்தத் துறவிகள் இருந்த குகைகள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி பாறை நெற்றியில் காடி வெட்டி, அதற்குக் கீழே பிராமி என்ற பழங்கால எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அசோகரின் மகன் மகிந்தரும் தேவநம்பிய தீசன் என்ற அரசனும் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சந்தித்த மலை என்பது அவர்கள் மரபு. மகிந்தர் படுத்தது என்று ஒரு கற்படுக்கையே இருக்கிறது. இங்கே நம்ம திருப்பரங்குன்றத்துப் படுக்கையில், எருகாட்டூர் ஈழக் குடும்பிகன் போலாலையன் என்று தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. ஈழத்துக்காரர் ஒருவர் நம்ம ஊர் மலையில் துறவிக்குப் படுக்கை செய்து கொடுத்திருக்கிறார். அந்த நாட்டுப் படுக்கையை அம்மா ஒருதடவை தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

மூன்றாம் நாள் மாத்தளையில் ஒரு மூலிகைத் தோட்டம். எங்கள் நோட்டீஸில் அந்தப் பெயரே கிடையாது. பெஞ்சில் உட்கார வைத்து முட்டியில் தைலம் தேய்த்தார்கள், முடி உதிர்வதற்கு எண்ணெய் காட்டினார்கள், அப்புறம் கடைக்குள் விட்டார்கள். நான் மணி பார்த்தேன். இரண்டேகால் மணி நேரம். கூட்டிப் போனவர் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட யாரையும் வாங்க போகலாம் என்று அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது கடைக்காரர் அவர் கையில் கவர் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் திருக்கோணமலையிலிருந்து வரும் வழியில் மிகிந்தலை. மணி நாலேகால். "எல்லாரும் நாப்பது நிமிஷத்துல வண்டிக்கு வந்துருங்க!"

அந்த மலைக்கு மொத்தம் 1,840 படி. வண்டி பாதி உயரம் வரை போகும், சரி. மீதியை அம்மா ஏற வேண்டாமா? வயசு 64, முழங்கால் தகராறு. ஆனால் அன்றைக்கு அவர் நின்ற இடம் எல்லாம் வலியால் நின்றது இல்லை. துறவிகளுக்குச் சோறும் கஞ்சியும் கொட்டி வைத்த கல்தொட்டிகள் அங்கே கிடக்கின்றன. அதில் ஒன்றைச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே எண்ணிக்கையை விட்டுவிட்டு விளிம்பைத் தடவினார். "எத்தனை கை பட்டா ஏத்தா கல்லு இப்படி வழுக்கும்?" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு கல்வெட்டுப் பலகைகள். 10-ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் என்ற அரசன் மடத்துக்கு எழுதி வைத்த சட்டதிட்டம். யார் என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு என்ன கூலி என்பதுவரை அதில் இருக்கிறது. அதை நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு இருக்கும்போதுதான் விசில். ஆட்டை மடக்குகிற மாதிரி, ஒரு பழைய மடத்துக்குள் நின்று விசில் அடிக்கிறார் மனுஷன்!

ஓடிப்போய் இன்னும் அரை மணி நேரம் கேட்டேன். மேலே அம்பஸ்தலத் தூபி என்ற பௌத்தக் கட்டடம், அதைத் தாண்டினால் மகிந்தரின் அந்தப் படுக்கை என்று சொன்னேன். "மேல போனாலும் இதே கல்லுதாங்க்கா. நம்ம ஊர்ல இல்லாத மலையா?"

நம்ம ஊரில் இருக்கிறது. அதனால்தானே ஐயா கடல் தாண்டி இதைப் பார்க்க வந்தோம்! ஓட்டலில் சாப்பாடு ஆறிவிடும் என்றார். வண்டிக்குள் இருந்தவர்களும் எங்களையே பார்த்தார்கள். "விடுத்தா, நமக்காக எல்லாரும் காத்துக் கிடக்காங்க" என்று அம்மா கீழே இறங்க ஆரம்பித்துவிட்டார். மூலிகைக் கடையில் எங்கள் இரண்டு பேரையும் இரண்டேகால் மணி நேரம் காக்க வைத்தபோது யார் முகத்தைப் பார்த்தார்கள்?

அனுராதபுரம் அங்கிருந்து 13 கிலோமீட்டர்தான். அஞ்சேகாலுக்கெல்லாம் அறைக்கு வந்துவிட்டோம். சாப்பாடு போட்டது எட்டு மணிக்கு. அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியேறித் தொட்டுவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டுக்கூட இறங்கி வந்திருக்கலாம்.

நேற்று அடுத்த குழுவுக்கான நோட்டீஸ் வந்தது. முன்பக்கத்தில் பெரிசாக அம்பஸ்தலத் தூபி. எங்களை ஏறவிடாத அதே இடம். உடனே போன் போட்டேன். மிகிந்தலைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். "ஒரு ரெண்டு மணி நேரம் வச்சுக்கங்கக்கா" என்றார். அதை நோட்டீஸிலேயே அச்சடித்துக் கொடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.