"கரஸ்ல முடிச்சதுதான்"

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் தன் மருமகளின் எம்.ஏ.வைப் பற்றி, "கரஸ்ல முடிச்சதுதான்" என்று, அதாவது கரஸ்பாண்டென்ஸில், அஞ்சல்வழியில் படித்தது என்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இருபத்தெட்டு வருஷம் சித்தூர் தாலுகாவில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் நான். (ஆந்திராச் சித்தூர் இல்லை. எழுத்தச்சன் குருமடம் இருக்கிற பாலக்காட்டுச் சித்தூர்.) வார நாளில் கல்லூரி, ஞாயிறு வந்தால் தொலைநிலைக் கல்வி மையத்தில் கான்டாக்ட் கிளாஸ், அஞ்சல்வழி மாணவர்கள் நேரில் வரும் வகுப்பு. இரண்டு இடத்திலும் கிரேக்கப் புராணம் உண்டு.

ஹோமரின் ஒடிஸியில் பெனலோப்பியின் புருஷன் இருபது வருஷம் ஊரில் இல்லை. அவளைக் கட்டிக்கொள்ள வந்த கூட்டம் வீட்டிலேயே உட்கார்ந்து தின்று தீர்க்கிறது. மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்கிறாள். பகலில் நெய்கிறாள், ராத்திரியில் பிரிக்கிறாள். மூன்று வருஷம் இப்படியே ஓட்டுகிறாள், ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுக்கும் வரை. கல்லூரிப் பிள்ளைகள் 'பொறுமையின் சிகரம்' என்று எழுதி ஐந்து மார்க் வாங்கிவிடுவார்கள்.

ஞாயிறு வகுப்பில் வண்ணாமடைப் பக்கத்து அம்மா ஒருவர். வீட்டுக்காரர் துபாயில். அவர் கேட்டார்: "அவ தனக்கொரு சேலை நெய்யறேன்னு சொல்லியிருந்தா விடுவாங்களா சார்? மாமனாருக்குக் கோடின்னுட்டா எவன் வாயத் திறப்பான்? வேண்டாம்னா ஊரே தூத்துமே."

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பெனலோப்பியே அதைத்தான் சொல்கிறாள்: மாமனார் போர்த்தத் துணியில்லாமல் கிடந்தால் ஊர்ப் பெண்கள் என்னைப் பழிப்பார்கள் என்று. அத்தனை வருஷம் நடத்தியும் நான் அந்த வரியில் நின்றதே இல்லை.

இதே கருத்தை அந்த அம்மா அசைன்மென்டிலும் எழுதியிருந்தார். திருத்தியவர் போட்டது ஒரு டிக், ஒரு மார்க். அவ்வளவுதான்.

என் கோபம் இந்த டிக்கின் மேல்தான். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் பாடம் தொடங்கியபோது, ஆசிரியர் தாளில் எழுதி அனுப்பும் குறிப்பையும் பாடமாகவே வைத்தார்கள். முகம் பார்க்காத மாணவருக்கு வாத்தியார் என்றால் அந்தக் கையெழுத்துதானே? நாம் 1982-இல் ஹைதராபாதில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் திறந்தோம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) சொல்லிவிட்டது. சரி, சட்டம் சமமாக்கிவிட்டது. தாளின் ஓரம் இன்னும் காலியாகத்தானே வருகிறது? நானும் யோக்கியன் இல்லை. மார்ச் மாதத்தில் ஒரே ராத்திரியில் ஒரு கட்டுத் தாளைத் திருத்தி முடித்துத் தள்ளியவன்தான்.

அந்த அம்மாவின் தாளை வாங்கி, ஓரத்தில் இடமில்லாமல் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தேன். "இதுக்கு இனி மார்க் ஏறாதுங்களே சார்" என்றார். அடுத்த ஞாயிறு அதே தாள் திரும்பி வந்தது. என் எழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு கேள்வி: "காட்டிக்கொடுத்தாளே அந்த வேலைக்காரி, அவளுக்கு அந்த வீட்டில் என்ன சம்பளம்?"