விழுகிறவளுக்குத்தான் நல்ல உடை வேண்டும்

காஷ்மீரின் குல்மார்க்கில் எடுத்த புகைப்படத்தைப் பற்றி இனி எதுவும் எழுத வேண்டாம் என்று என் தங்கை கேட்டுக்கொண்டாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் படத்தையும் அதன் கீழே நடந்ததையும் இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. அங்கே பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளப் போன என் மருமகள், அதாவது தங்கை மகள், ஆரஞ்சும் நீலமுமான உடுப்போடு பனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். “எறங்கவே தெரியல, இதுல ஒலிம்பிக் உடுப்பு ஒரு கேடா?” என்று நம்மூர்க்காரர் ஒருவர் எழுதினார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் என்னோடு தினமும் பேசுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தகவலைச் சரிசெய்ய வேண்டும். அவள் அணிந்திருந்தது ஒலிம்பிக் உடுப்பு அல்ல. ஒலிம்பிக்கில் மலைச்சரிவில் இறங்கும் பந்தய வீரர்கள் அணிவது, உடம்போடு ஒட்டிய, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தைத்த மெல்லிய உடை. காற்றுத் தடையைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. அந்தத் துணியின் வழியே இவ்வளவு காற்றாவது ஊடுருவ வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. என் மருமகள் அணிந்திருந்தது தண்ணீர் புகாத, தொளதொளவென்ற மேலங்கியும் கால்சட்டையும். பனியில் முதல் நாள் கால் வைக்கிறவர்களுக்காகச் செய்யப்படுகிற உடை அது. குளிரையும் ஈரத்தையும் தாங்குவதற்கு அதைவிட எளிய வழி அங்கே இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: திறமை குறைவாக இருக்கிறவருக்குத்தான் நல்ல உடை அதிகம் தேவைப்படுகிறது. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் விழுவதில்லை. விழுந்தாலும் உடனே எழுந்துவிடுவார். கற்றுக்கொள்கிறவள் விழுகிறாள், பனியில் உட்கார்ந்திருக்கிறாள், பலகையைக் காலிலிருந்து கழற்றி மறுபடி மாட்டத் தெரியாமல் பத்து நிமிடம் போராடுகிறாள். ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில், ஜனவரி மாதத்தில், நாம் இங்கே உடுத்துகிற பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு ஒருத்தி பனியில் விழுந்தால், துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு உடம்புச் சூட்டை வெளியே இழுத்துவிடும். புதிதாக விழுந்த பனி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அடிக்கும் என்பதால் கண்ணாடி வேண்டும். வெள்ளைப் பரப்பில் ஒருவர் கிடந்தால் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால் பளிச்சென்ற நிறம் வேண்டும். நீங்கள் சிரித்த அந்த ஆரஞ்சு நிறம் அவளுக்குப் பாதுகாப்பு. அவள் இறங்கத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அதன் தேவை குறைந்திருக்கும். இறங்கத் தெரியாததால்தான் அது வேண்டியிருந்தது.

“அந்த உடுப்பைப் பார்த்துப் பெரிய வீராங்கனை என்று நினைத்து மற்றவர்கள் வேகமாகப் பக்கத்தில் வந்துவிட்டால் ஆபத்து இல்லையா?” என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். கேட்ட வரையில் நல்ல கேள்வி. ஆனால் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்திருக்கிற பத்து நடத்தை விதிகளில் ஒன்று, மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு ஆபத்து வராதபடி தன் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. முன்னால் போகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யச் சொல்லி அதில் எங்கும் இல்லை.

இன்னொருவர் கராத்தேயின் கறுப்புப் பட்டையை எடுத்துக்காட்டினார். பட்டை தேர்வில் வென்று பெறுகிற சான்று. தேறாமல் அதைக் கட்டினால் பொய் சொன்னதாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டைக்கு உள்ளே இருக்கிற வெள்ளை உடை முதல் நாள் வந்த சிறுவனுக்கும் ஆசிரியருக்கும் ஒன்றுதான். என் மருமகள் யாருடைய பதக்கத்தையும் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை. குளிருக்கு உடுத்தினாள்.

திறமையை வைத்துத்தான் உடை என்றால் எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் போன ஒரே வீரர், காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குகிற ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆவது இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் அணிந்ததைப் போன்ற உடையை 45-ஆவதாக வந்தவர் அணியக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? 1988-இல் கால்கரி ஒலிம்பிக்கின் பனித்தாவல் போட்டிகள் இரண்டிலும் கடைசியாக வந்த எடி எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயரை உலகம் இன்றைக்கும் அன்போடு நினைத்துக்கொண்டிருக்கிறது. நாம் நம்மூர்ப் பெண் ஒருத்தியைக் கற்றுக்கொள்ளப் போன நான்காம் நாளே கேலி செய்து முடித்துவிட்டோம்.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு, இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1984-இல் நான் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் படித்தேன். விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன் என்பதற்காக அப்பா ஜங்ஷன் கடையிலிருந்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் ஷூ போட்டதில்லை. முந்தின நாள் இரவு அம்மா அதைத் துணியால் துடைத்துத் தலைமாட்டில் வைத்தாள். மறுநாள் மைதானத்தில், “ஏல, கடைசியா ஓடுறவனுக்கு வெள்ள ஷூ எதுக்குல?” என்று ஒருவன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள், டிரில் வாத்தியாரும் சிரித்தார். நான் ஷூவைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். சரள் மண். இரண்டாவது திருப்பத்தில் உடைமரத்து முள் குத்தி உள்ளேயே ஒடிந்தது. கால் பழுத்து இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஷூவை ஏன் போடவில்லை என்று அப்பா கேட்டதற்கு, அளவு பத்தவில்லை என்று பொய் சொன்னேன். அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போய், மாற்றித் தர முடியாது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நான் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. திறமை இருந்திருக்குமா இருந்திருக்காதா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் அந்தச் சிரிப்பு எடுத்துக்கொண்டது.

இன்றைக்கும் அதே சிரிப்பை வ.உ.சி. மைதானத்தின் பக்கம் காலையில் கேட்கிறேன். சேலைக்குக் கீழே ஷூ போட்டு நடக்கிற அம்மாக்களைப் பார்த்து, புது டிராக் பேண்ட் போட்டு மூச்சு வாங்குகிற என் வயதுக்காரர்களைப் பார்த்து, தலைக்கவசமும் இறுக்கமான உடையுமாகச் சைக்கிளில் கிருஷ்ணாபுரம் வரை போய்த் திரும்புகிற பையன்களைப் பார்த்து. அந்தச் சைக்கிள் கால்சட்டைக்குள் மெத்தை வைத்துத் தைத்திருப்பது, நீண்ட நேரம் இருக்கையில் உட்காருகிறவரின் தோல் உரசிப் புண்ணாகாமல் இருப்பதற்காக. பழகாத உடம்புதான் முதலில் புண்ணாகும். “முதலில் ஓட்டக் கற்றுக்கொள், பிறகு வாங்கலாம்” என்கிறவர்கள், முதலில் புண்ணாக்கிக்கொள் என்று சொல்கிறார்கள்.

“சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம்” என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. விளையாட்டாகச் சொன்னது ஒருத்தியை நோகடித்துவிட்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும். பணத்திமிர் என்று எழுதியவருக்கு மட்டும் சொல்கிறேன்: மேலங்கி அவள் தன் சம்பளத்தில் வாங்கியது, கால்சட்டையும் பூட்ஸும் பலகையும் அங்கே வாடகைக்கு எடுத்தவை.

இதற்கு மேல் சொல்வது பெரிய பேச்சு என்று சிலருக்குத் தோன்றும், தோன்றட்டும். உனக்கு இந்த உடைக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வியை இந்த மண் முதல் தடவை கேட்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் மார்பை மூடுவதற்கே பல பத்தாண்டுகள் அடி வாங்கினார்கள். 1859 ஜூலையில்தான் அரசு ஆணை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதே நாட்டில் அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றைக்கும் நம் பக்கத்து நிழல்தாங்கல்களில், அதாவது அவர் வழி வந்தவர்களின் வழிபாட்டு இடங்களில், ஆண்கள் தலைப்பாகையோடு கண்ணாடியின் முன் நின்று வணங்குகிறார்கள். யாராவது முதலில் தகுதியைக் காட்டு, பிறகு கட்டு என்று அவர்களிடம் சொன்னார்களா? சொன்னார்கள். அதனால்தான் கட்டினார்கள். ஒரு பனிச்சறுக்கு உடுப்பை அந்தக் கொடுமையோடு சமமாக வைக்கவில்லை. கேட்கிற குரல் ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பாட்டிமாரின் பேத்தி பனியில் ஆரஞ்சு உடுப்போடு உட்கார்ந்திருக்கிற படத்தைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்தது, நீங்கள் சிரித்தீர்கள்.

மருமகள் அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். நேற்றுப் போனில், “மாமா, அந்த மேலங்கியை யாருக்காவது கொடுத்துரட்டுமா? நம்மூர்ல எங்க போடப் போறேன்” என்று கேட்டாள். கொடுக்காதே, அடுத்த ஜனவரிக்கு வேண்டும் என்றேன். நான்கு நாளில் அவள் நின்று திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதையும், ஐந்தாம் நாளுக்குக் காசு கட்டியும் கருத்துகளைப் படித்துவிட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

அவளுடைய சம்மதத்தோடு அதே படத்தை இங்கே மறுபடி போடுகிறேன்.