பூவரசுக்குப் பின்னால் மறைந்திருந்த 50

நேற்று மதியம் கத்தியொன்றை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் ஊர் வீதியோரத்துப் பூவரசின் கிளைகளை வெட்டினேன். அவற்றுக்குப் பின்னால் வேக எல்லைப் பலகை ஒன்று நிற்கிறது. 50 என்ற எண் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றிய சிவப்பு வட்டம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அங்கிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு நூறு அடிகூட இல்லை. வேகமாக வருகிறவர் பலகையைக் கண்டு பிரேக்கில் கால் வைத்தாலும், வேகம் அடங்கும்போது வாசலைத் தாண்டியிருப்பார்.

எங்கள் ஊரால் போகிற இந்த ஏ9 வீதி, அதாவது கண்டி - யாழ்ப்பாண வீதி, குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் குழிகளே வாகனங்களை அடக்கி வைத்தன. போருக்குப் பிறகு வழுவழுவென்று தார்க் காப்பெற் போட்டார்கள். அது நாங்கள் ஏங்கிக் கிடந்த வீதி, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்களின் நடு வயிற்றால் ஓடுகிற வீதி அது. குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே கார்களுக்கு 70 என்கிறது சட்டம். கொழும்பிலிருந்து இரவிரவாக வருகிற சாரதிக்கு, குடியிருப்பு எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வது?

இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 70இல் போகிற வாகனம் ஒரு நொடியில் 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு, 50இல் போவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். பிற்பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் மூன்று சைக்கிள்களை அருகருகே உருட்டிக் கதைத்துக்கொண்டு வருவார்கள். அந்த இடத்தில் 50கூட அதிகம். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30 போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் பள்ளிக்கூட வாசல்களுக்கு அதைத்தான் கேட்கிறேன்.

இரவு வேறு கதை. பகல் வெயிலின் சூடு தார் வீதியில் தங்கியிருப்பதால் மாடுகள் வந்து படுத்துவிடும். பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி திடீரென்று முன்னால் முளைக்கும். காலபோக அறுவடை நாட்களில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயும். மீதிப் பாதியில்தான் இருபக்க வாகனங்களும் போகவேண்டும். இவையெல்லாம் எந்தெந்த இடத்தில் நடக்கும் என்று ஊருக்கே தெரியும். பலகை நடுகிறவர்கள் ஊரவரைக் கேட்டுத்தான் இடம் பார்க்கவேண்டும்.

இதே வீதியில் பிள்ளையார் கோயில் இருக்கிற முறிகண்டியைப் பாருங்கள். எத்தனை அவசரமாக வந்தாலும் சாரதிகள் அங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள். பிள்ளையார் மீதுள்ள பக்தி ஒரு காரணம். கச்சான் கடைகளும் வீதியோரத்தில் நிற்கும் சனமும் தூரத்திலேயே கண்ணில் படுவது இன்னொரு காரணம். ஊர் எல்லைகளிலும் அப்படிக் கண்ணில் படச் செய்யலாம். பள்ளிக்கூட வாசலுக்கு 150 மீற்றர் முன்னதாக ஒளிதெறிக்கும் பலகை, கிட்ட வரும்போது இன்னொன்று, தாரில் அதிர்வுக் கோடுகள், வருடத்துக்கு இருமுறையாவது பற்றை வெட்டுதல். தண்டப்பணத்தை மட்டும் கூட்டினால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காணாத பலகையை மீறியதற்குத் தண்டம் கட்டியவர் அடுத்த ஊரிலும் அதே வேகத்தில்தான் போவார்.

கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு, இப்படி மறைந்தும் வெளுத்தும் நிற்கிற பலகைகளின் படங்களோடு போகிறேன். உங்கள் ஊரிலும் இருந்தால் படமெடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு இங்கே போடுங்கள், சேர்த்துக் கொடுக்கிறேன்.