மரியாள் யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கல

அட்வென்ட் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம்) வந்தாச்சு, இந்த நாலு ஞாயிறுக்குள்ள ஒரு தடவையாவது பைபிள்ல லூக்கா 1-ஆம் அதிகாரம் பிரசங்கம் வந்துடும், வந்தா கூடவே "மரியாள் மாதிரி அடங்கி கீழ்ப்படிஞ்சு நடக்கணும்"னு பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒரு அட்வைஸும் வந்துடும். எனக்கு இதுல ரொம்ப நாளாவே உடன்பாடு இல்ல. அந்த அதிகாரத்த பொறுமையா ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க. காபிரியேல்ங்குற தேவதூதன் வந்து, அவ வயித்துல இயேசு பிறப்பாருன்னு சொன்னதும் மரியாள் உடனே தலையாட்டல, "இது எப்படியாகும்? புருஷனை அறியேனே"ன்னு கேள்வி கேக்குறா. தூதன் கோவப்படல, உக்காந்து வெளக்கம் சொல்ற மாதிரி பதில் சொல்றான், கூடவே அவ சொந்தக்காரி எலிசபெத்துக்கு ஆறாம் மாசம்னும் சொல்றான். (எலிசபெத்தோட புருஷன் சகரியாகிட்ட பிள்ளை பிறக்கும்னு தூதன் சொன்னப்போ அவரும் கேள்விதானே கேட்டாரு, அவருக்கு மட்டும் ஏன் பேச முடியாம வாய் அடைச்சுதுன்னு கேப்பீங்க. அவரு கேட்டது "இதை நான் எதினால் அறிவேன்", அதாவது ப்ரூஃப் குடுன்னு. இவ கேட்டது எப்படி நடக்கும்னு. ரெண்டும் வேற வேற.)

அப்புறம்தான் "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது"ங்குறா. அவ சொல்லி முடிச்ச பிறகுதான் தூதன் போனான்னு லூக்கா எழுதியிருக்காரு. அதாவது பதில் வாங்காம போகல. 12-ஆம் நூற்றாண்டுல பெர்னார்டுன்னு ஒரு துறவி, அந்த ஒரு பதிலுக்காக ஆதாம்ல இருந்து மொத்த உலகமுமே காத்துக்கிட்டு நிக்குதுன்னு பிரசங்கம் பண்ணியிருக்காரு. கர்த்தர் நெனச்சா கேக்காமலே பண்ணியிருக்கலாமே, ஆனா ஒரு கிராமத்துப் பொண்ணோட சம்மதத்துக்காக ஆள் அனுப்பி வெயிட் பண்ணாரு, எனக்கு கிறிஸ்மஸ் கதையிலயே பெரிய ஆச்சரியம் இதுதான்.

அந்த நேரத்துல அவ "அப்பாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்"னு சொல்லல, நிச்சயம் பண்ணின யோசேப்புகிட்டயும் கேக்கல, ஆலயத்துல இருந்த ஆசாரியர் யார்கிட்டயும் போகல. யூதர்களோட சட்டப் புத்தகமான உபாகமம் 22 படி பாத்தா நிச்சயமான பொண்ணு இப்படி கர்ப்பமானா கல்லெறிஞ்சு கொல்ற வரைக்கும் போகலாம், அது தெரியாத வீட்டுல அவ வளந்திருக்க மாட்டா. தெரிஞ்சும் தன் வாயால தானே சரின்னு சொன்னா. இந்தப் பொண்ணக் காட்டி "வீட்டு ஆம்பளைங்க சொல்றதுக்கு எதிர்த்துப் பேசாத"ன்னு பிரசங்கம் பண்ண எப்படித்தான் மனசு வருதோ!

கீழ்ப்படியுறது வேற, வேற வழியில்லாம அடங்குறது வேற. நம்மள்ல பாதிப் பேரு எல்லாம் கைமீறிப் போன பிறகு "சரி, தேவ சித்தம்"னு ஒரு பெருமூச்சு விட்டுட்டு அதுக்கு கீழ்ப்படிதல்னு பேரு வச்சுக்குறோம். மரியாள் அப்படி இல்ல, அடுத்த வசனத்துலயே எழுந்து மலைநாட்டுக்கு "தீவிரமாய்" போறா, நாசரேத்துல இருந்து யூதேயா மலைநாடு 100 கிலோமீட்டருக்கு மேல. வேண்டாவெறுப்பா போற ஆளு அப்படி நடக்குமா?

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் வேணும்னா லூக்கா 15-ல, சொத்தப் பிரிச்சு வாங்கி அழிச்சுட்டுத் திரும்பி வந்த தம்பிக்கு அப்பா விருந்து வைக்குற கதையில வர்ற மூத்த மகன். "ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூட தரலயேங்குறான். பாவம், பொய் சொல்லல, உண்மையிலயே எல்லாத்துக்கும் கீழ்ப்படிஞ்சவன்தான். ஆனா ஒவ்வொண்ணையும் கணக்கெழுதி வச்சிருக்கான், அதனால தம்பி உயிரோட திரும்பி வந்த சந்தோஷத்துல வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல. வருஷம் தவறாம உபவாசம் இருந்து, பாடகர் குழுவுல பாடி, காணிக்கை போட்டு, யாராவது புதுசா வந்தவங்கள முன்னால கூப்பிட்டா மொகம் கோணிப் போற ஆளுங்க எல்லா சபையிலயும் உண்டு.

யோசேப்பு பத்தி ஒரு வரி சொல்லியே ஆகணும். நாலு சுவிசேஷத்துலயும் அந்த மனுஷன் பேசினதா ஒரு வார்த்தை கூட இல்ல. கனவுல தூதன் சொன்னா எழுந்திருக்காரு, செய்யுறாரு, எகிப்துக்குப் போன்னதும் ராத்திரியே பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு கெளம்பிட்டாரு. மரியாள் பேசி சம்மதிச்சா, இவரு பேசாமலே சம்மதிச்சாரு, ரெண்டுமே மனசாரத்தான்.

"மனசார"ன்னா சிரிச்சுக்கிட்டேன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. எபிரெயர் 10-ல கிறிஸ்து உலகத்துக்கு வரும்போதே "உம்முடைய சித்தத்தின்படி செய்ய, இதோ, வருகிறேன்"னு சொல்றதா இருக்கு. அப்படிச் சொல்லி வந்தவரேதான், பிடிபடுறதுக்கு முந்தி கெத்செமனேங்குற இடத்துல முகங்குப்புற விழுந்து இந்தப் பாத்திரம் (அதாவது வரப்போற பாடு) நீங்கட்டும்னு கேட்டாரு. அதனால கஷ்டத்துல இருக்குறவங்ககிட்ட போய் "அழாத, அழுதா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்"னு யாராவது சொன்னா மத்தேயு 26-ஐ எடுத்துக் காட்டுங்க. அதே ஜெபத்த அவரு மூணு தடவ ஜெபிச்சிருக்காரு.