நேர்மையாக ஆடுபவருக்குப் பாதிப்பே இல்லையா?
இணைய வீடியோ கேம்களில் ஏமாற்றாமல் ஆடுபவர், ஏமாற்றுவோரைக் கண்டறிந்து விலக்கும் தடுப்பு மென்பொருளைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்று இக்கட்டுரையாளர் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 அக்டோபர் இறுதியில் ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ விளையாட்டு, விண்டோஸ்போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் இயங்காதபடி தடுக்கப்பட்டபோது, ஏமாற்றுக்காரர்கள் அவ்வழியைப் பயன்படுத்துவதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் லினக்ஸில் இயங்கும் கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக்கில் ஒழுங்காக ஆடிவந்தவர்களும் அன்றோடு வெளியேற்றப்பட்டார்கள். விண்டோஸுக்கு மாறிக்கொள்ளலாமே என்று மேலே கருத்திட்ட நண்பருக்கும் ஒன்று: 2022இல் ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டின் தடுப்பு மென்பொருளில் இருந்த, விண்டோஸின் கெர்னல்வரை (இயங்குதளத்தின் மையப் பகுதிவரை) அதிகாரம் பெற்ற டிரைவர் என்னும் துணைநிரல் கோப்பை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று கணினிகளின் வைரஸ் தடுப்பையே முடக்கியது. அதற்கு அந்த விளையாட்டு அக்கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை (ஆடவே தெரியாதவருக்கும் ஆபத்து என்பது சற்று வேடிக்கைதான்). அத்தனை அதிகாரத்தைக் கேட்கும் நிறுவனம், அது தவறான கைக்குப் போனால் யார் பொறுப்பு என்பதையும் நிறுவும்போதே எழுதித் தரட்டும்.