விற்க ஆசைப்படாத கடை

கஞ்சாவை அரசாங்கமே விற்பதா என்று முகம் சுளிக்கிற சொந்தக்காரர் எனக்கு ஊரிலும் உண்டு, ஸ்காபரோவிலும் உண்டு. 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் அது சட்டப்படி விற்கிற சாமான். இனி யார் விற்பது என்பதுதான் பேச்சு. என்னைக் கேட்டால் கியூபெக் மாகாணத்துக்காரர் செய்ததுதான் சரி.

அங்கே எஸ்.கியூ.டி.சி என்ற அரச நிறுவனத்துக்கு மட்டும்தான் விற்கிற உரிமை. மொன்றியலில் அந்தக் கடைக்குள் போனால் மருந்துக்கடையில் இருக்கிற கலகலப்புக்கூட இருக்காது. வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். மலிவு விற்பனை கிடையாது. மிட்டாய், சொக்லேட் வகை வைப்பதே இல்லை. களவாக வாங்குகிற சனத்தைச் சட்டபூர்வமான கடைக்கு இழுக்க வேண்டும், ஆனால் பாவனையைத் தூண்டக் கூடாது என்று அந்த நிறுவனத்தை உண்டாக்கிய சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவிலும் முதலில் அரச கடைகள்தான் வருவதாக இருந்தது. மது விற்கிற அரச நிறுவனமான எல்.சி.பி.ஓ ஊடாக 40 கடை திறந்து, 2020க்குள் அதை 150 ஆக்குவது என்பது அப்போதைய மாகாண முதல்வர் கத்லீன் வின் அரசின் திட்டம். 2018 இல் டக் ஃபோர்ட் ஆட்சிக்கு வந்து கடைகளைத் தனியாருக்குக் கொடுத்தார். மொத்த விற்பனையும் இணைய விற்பனையும் மட்டும் அரசிடம் மிஞ்சின. இப்போது மாகாணத்தில் ஆயிரத்துக்கு மேல் கடைகள். ரொறன்ரோ குயின் வீதி மேற்கில் நடந்து பாருங்கள், ஒரு கடை வாசலில் நின்றால் அடுத்த கடையின் பெயர்ப்பலகை தெரியும். அந்த வீதியில் வாடகை கட்டுகிறவன் ஆளைப் பிடித்து விற்காமல் என்ன செய்வான்?

அரசாங்கம் விற்றால் பொறுப்பு தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. எல்.சி.பி.ஓவும் அரசுதான். பளபளவென்று சமையல் சஞ்சிகை அடித்து, எந்தக் கறிக்கு எந்த வைன் என்று இலவசமாகச் சொல்லித் தருகிறது. (டாஸ்மாக் கதையை நான் சொல்லியா தெரிய வேண்டும்?) கல்லா அரசிடம் இருந்தால் மட்டும் போதாது, தூண்டி விற்காதே என்று கையைக் கட்டிப்போடும் சட்டமும் வேண்டும்.

கியூபெக்கோடு எனக்கு ஒரே சண்டை, வயது. 2020 ஜனவரியில் 18ஐ 21 ஆக்கினார்கள். அதே 18 வயதுப் பிள்ளை எஸ்.ஏ.கியூ என்ற கியூபெக் அரச மதுக்கடையில் வைன் வாங்கலாம். கஞ்சாக் கடையின் தாய் நிறுவனமே அந்த எஸ்.ஏ.கியூதான்! கியூபெக் எல்லையோரக் கட்டினோ நகரில் இருக்கிற 19 வயதுப் பெடியன் பாலத்தைக் கடந்தால் ஒன்ராறியோவின் ஒட்டாவாவில் வாங்கலாம், அங்கே 19 போதும். வாங்கிக்கொண்டு திரும்பினால் பாதிப் பாலத்தில் சட்டத்தை மீறினவன் ஆகிவிடுவான். பாலம் கடக்கப் பஞ்சிப்படுகிறவன் களவாக விற்கிற பழைய ஆளுக்குத்தான் கோல் எடுப்பான்.